கழித்த சீட்டின் ஆட்சி: மேஜிக் ஆட்டத்தில் இடுகாட்டுக் கட்டுகள்

சீட்டாட்டம் எதுவானாலும் கழித்த சீட்டுக்கு மதிப்புக் குறைவு. ரம்மியில் மேலே கிடக்கும் ஒற்றைச் சீட்டை எடுக்கலாம். அதன் அடியில் புதைந்தவை போனவைதான். 1993 ஆகஸ்டில் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ இந்த வழக்கத்தைப் பிறந்த அன்றே மீறியது. கணித ஆய்வாளரான ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட இந்த ஆட்டத்தில், கழிந்த சீட்டுகள் சேரும் இடத்துக்குக் ‘கிரேவ்யார்ட்’ என்று பெயர். இடுகாடு என்று பெயர் வைத்தவர்கள், செத்ததை எழுப்பும் மந்திரங்களையும் முதல் பதிப்பிலேயே அச்சிட்டார்கள்.

அன்று தொடங்கிய கதை இன்றும் ஓயவில்லை. இடுகாட்டையே முதலாக வைத்து ஆடும் கட்டுகள் உலகச் சாம்பியன்ஷிப்களை வென்றிருக்கின்றன, தடைப்பட்டியல்களையும் நிரப்பியிருக்கின்றன. இவற்றுக்கு இத்தனை வலு எங்கிருந்து வருகிறது? ஏன் திரும்பத் திரும்பத் தடைக்கு ஆளாகின்றன? இன்று ஒருவர் அப்படியொரு கட்டைக் கட்ட உட்கார்ந்தால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது? இந்தக் கேள்விகளை முப்பது ஆண்டு வரலாற்றோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. கட்டுரையின் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடலாம்: இடுகாட்டுக் கட்டின் வலு, சீட்டின் விலையைக் கொடுக்காமல் தப்பிப்பதில் இருக்கிறது. அதன் தரமோ, எதிராளி இடுகாட்டை மூடிய பிறகு அது என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

விதி சொல்வது

அடிப்படை விதிகள் எளியவை. கட்டில் குறைந்தது 60 சீட்டு. அடிப்படை நிலங்களைத் தவிர ஒரே பெயரில் 4 சீட்டுக்கு மேல் கூடாது. ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி, தொடக்கக் கையில் 7 சீட்டு. முறைக்கு ஒரு நிலம்தான் போடலாம். நிலம் தரும் மானாவைக் கொண்டுதான் மற்றச் சீட்டுகளை இறக்க வேண்டும். எட்டு மானா விலையுள்ள உயிரி ஒன்றை இறக்க, இயல்பாக எட்டாவது முறை வரை காத்திருக்க வேண்டும். ஆட்டத்தின் கடிகாரமே மானாதான்.

இடுகாடு இந்தக் கடிகாரத்துக்கு வெளியே இருக்கிறது. செத்த உயிரி, வேலை முடிந்த மந்திரம், கையிலிருந்து கழித்த சீட்டு, கட்டின் மேலிருந்து நேராகத் தள்ளப்பட்ட சீட்டு என எல்லாம் அங்கே முகம் மேலாக வந்து சேர்கின்றன. இரண்டு பேரும் எப்போது வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். ஒரு சீட்டு இடுகாட்டுக்குப் போக மானா தேவையில்லை. போகும் சீட்டுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. கையில் முறை முடிவில் ஏழு சீட்டுதான் வைத்திருக்கலாம், இடுகாட்டில் நாற்பதும் கிடக்கலாம். அந்த நாற்பதையும் பயன்படுத்த வழி கிடைத்தால், எதிராளியைவிடப் பல மடங்கு பெரிய கையோடு ஒருவர் ஆடுகிறார் என்று பொருள்.

எல்லை ஒன்று உண்டு. கட்டு காலியான பிறகு சீட்டு எடுக்க நேர்ந்தால் தோல்வி. தன் கட்டைத் தானே சரிக்கும் ஆட்டக்காரர் எப்போதும் இந்த விளிம்பை ஒட்டியே நடக்கிறார்.

முதல் பத்தாண்டு

முதல் பதிப்பான ‘ஆல்ஃபா’விலேயே நான்கு வழிகள் இருந்தன. ‘ரெய்ஸ் டெட்’ ஒரு கறுப்பு மானாவுக்குச் செத்த உயிரியைக் கைக்குத் திருப்பும். ‘ரீக்ரோத்’ இரண்டு மானாவுக்கு எந்தச் சீட்டையும் கைக்குத் திருப்பும். ‘ரெசரக்‌ஷன்’ நான்கு மானாவுக்கு உயிரியைக் களத்திலேயே நிறுத்தும். நான்காவதான ‘அனிமேட் டெட்’தான் விதை. இரண்டே மானாவுக்கு, யாருடைய இடுகாட்டிலிருந்தும் ஓர் உயிரியைக் களத்துக்குக் கொண்டுவரும்; அந்த உயிரியின் விலை என்னவென்று அது கேட்பதில்லை. கேட்காத அந்தக் கேள்வியிலிருந்துதான் பின்னால் வந்த அத்தனையும் கிளைத்தன.

1997-இல் வந்த ‘டெம்பெஸ்ட்’ தொகுதி ‘ரீஅனிமேட்’டைத் தந்தது: ஒரே மானா, கூடவே உயிரியின் விலையளவுக்கு உயிர்ப்புள்ளி இழப்பு. அதே ஆண்டின் ‘வெதர்லைட்’ தொகுதியில் வந்த ‘பெரீட் அலைவ்’, கட்டிலிருந்து மூன்று உயிரிகளைத் தேடி இடுகாட்டில் போட்டது. 1998-இல் ‘எக்சோடஸ்’ தொகுதியில் ‘சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டெஸ்ட்’டும் ‘ரெக்கரிங் நைட்மேர்’உம் ஒன்றாக வந்தன. முன்னது ஓர் உயிரியைக் கழித்து வேறோர் உயிரியைத் தேடித் தரும். பின்னது களத்தில் ஓர் உயிரியைப் பலி கொடுத்து இடுகாட்டிலிருந்து ஒன்றை எழுப்பும். இரண்டையும் சேர்த்தால் கழிப்பதே தேடலாகவும், பலியே பிறப்பாகவும் ஆனது. அந்த ஆண்டே சியாட்டிலில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பை பிரையன் செல்டன் இந்த இணையைக் கொண்டு வென்றார்.

2001-இல் வந்த ‘ஒடிசி’ தொகுதி இடுகாட்டைத் தன் மையக் கருத்தாகவே எடுத்துக்கொண்டது. ‘ஃப்ளாஷ்பேக்’ உள்ள மந்திரத்தை இடுகாட்டிலிருந்தே இரண்டாம் முறை போடலாம். ‘த்ரெஷோல்ட்’ உள்ள சீட்டு, இடுகாட்டில் ஏழு சீட்டு சேர்ந்ததும் பலமாகும். 1/1 (தாக்கும் பலம்/தாங்கும் பலம்) கீரியாகத் தொடங்கும் ‘நிம்பிள் மங்கூஸ்’ 3/3 ஆகிவிடும். ‘என்டூம்’ என்ற சீட்டு, ஒரே மானாவுக்குக் கட்டிலிருந்து விரும்பிய சீட்டை இடுகாட்டில் வைத்தது. ‘சைக்கடாக்’ என்ற மூன்று மானா உயிரி, கைச்சீட்டையும் இடுகாட்டுச் சீட்டையும் தின்று ஒரே அடியில் ஆட்டத்தை முடிக்கும் அளவுக்கு வீங்கியது. 2002-இல் சிட்னியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பை பிரேசிலின் கார்லோஸ் ரொமாவ் சைக்கடாக்கைக் கொண்டு வென்றார்.

இந்தப் பத்தாண்டும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளும் ஒன்றைத் தெளிவாக்கின. இடுகாட்டைப் பயன்படுத்த ஒரு வழி மட்டும் இல்லை; ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று மரபுகள் உண்டு.

எழுப்பும் மரபு

முதலாவது ரீஅனிமேட்டர். பெரிய உயிரி ஒன்றை விரைவாக இடுகாட்டில் போட்டு, மலிவான மந்திரத்தால் எழுப்புவது. எந்தச் சீட்டுகள் செல்லும் என்று வரையறுக்கும் ஆட்ட வடிவங்களில் ஒன்றான ‘லெகசி’யில், 2025-இல் ‘என்டூம்’ தடையாகும் முன் ஆடிய இந்தக் கட்டின் ஒரு தொடக்கக் கையைப் பார்த்தால் வேகம் புரியும். முதல் முறையில் ஒரு சதுப்பு நிலம். அது தரும் ஒரு மானாவில் ‘டார்க் ரிச்சுவல்’. இப்போது கையில் மூன்று மானா. ஒன்றுக்கு ‘என்டூம்’, கட்டிலிருந்து ‘கிரிசல்பிராண்ட்’ இடுகாட்டில் விழுகிறது. இன்னொன்றுக்கு ‘ரீஅனிமேட்’, கிரிசல்பிராண்ட் களத்தில் நிற்கிறது. 2012-இல் வந்த இந்த உயிரியின் விலை 8 மானா என்பதால் உயிர்ப்புள்ளி 20-லிருந்து 12-க்கு இறங்குகிறது. கிரிசல்பிராண்டுக்கு 7 உயிர்ப்புள்ளி கொடுத்தால் 7 சீட்டு எடுக்கலாம். உயிர் 5 ஆகிறது, கை மறுபடி நிரம்புகிறது. எதிராளி இன்னும் ஒரு நிலம்கூடப் போடவில்லை. களத்தில் நிற்பதோ 7/7 பறக்கும் உயிரி. அது அடிக்கும் அடியெல்லாம் இழந்த உயிரை மீட்டுத் தரும்.

எழுப்பத் தகுந்த உயிரிக்கு இங்கே ஒரு சோதனை உண்டு: களத்தில் இறங்கிய உடனேயே, எதிராளி அதை அகற்றினாலும், பலன் கிடைத்திருக்க வேண்டும். கிரிசல்பிராண்ட், 2021-இன் ‘ஆர்க்கான் ஆஃப் க்ரூயல்டி’, 2023-இன் ‘அட்ராக்சா, கிராண்ட் யூனிஃபையர்’ மூன்றும் இந்தச் சோதனையில் தேறுகின்றன. உடல் மட்டும் பெரிதாக உள்ள உயிரி தேறாது. ஒரே மானாவில் அதை அகற்றிவிடும் சீட்டுகள் ஏராளம். அப்படி அகற்றிவிட்டால் நம்முடைய மூன்று சீட்டுக்கு எதிராளி ஒரு சீட்டுதான் செலவழித்திருப்பார்.

எரிபொருள் மரபு

இரண்டாவது மரபு எதையும் எழுப்புவதில்லை. இடுகாட்டில் சேரும் சீட்டுகளை எண்ணிக்கையாகவோ எரிபொருளாகவோ பார்க்கிறது. த்ரெஷோல்ட் தொடங்கிவைத்த இந்த வழியை 2007-இன் ‘டார்மோகாய்ஃப்’ உச்சத்துக்குக் கொண்டுபோனது. எல்லா இடுகாடுகளிலும் எத்தனை வகைச் சீட்டு இருக்கிறதோ அதுவே அதன் பலம். நிலம், உடனடி மந்திரம், சாதாரண மந்திரம், உயிரி என நான்கு வகை சேர்ந்தால் இரண்டு மானாவுக்கு 4/5 உயிரி கிடைத்துவிடும். இதற்குத் தனியாக எதையும் நிரப்ப வேண்டியதில்லை. ஆட்டம் நடந்தாலே இடுகாடு நிரம்பும்.

‘டெல்வ்’ இதன் மறுபக்கம். இடுகாட்டுச் சீட்டு ஒன்றை ஆட்டத்திலிருந்தே நீக்கி ஒரு மானாவுக்கு ஈடு செய்வது. 2014-இல் ‘கான்ஸ் ஆஃப் டார்க்கிர்’ தொகுதியில் வந்த ‘ட்ரெஷர் க்ரூஸ்’ மூன்று சீட்டு எடுக்க 8 மானா கேட்டது. ஏழு சீட்டை நீக்கினால் ஒரே மானா. விலை கூடிய சீட்டு என்று தொடக்கத்தில் எண்ணியவர்கள் உண்டு. அது நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை: 2015 ஜனவரியில் மாடர்ன், லெகசி இரண்டு வடிவங்களிலும் தடை செய்யப்பட்டது. 2011-இன் ‘ஸ்னாப்காஸ்டர் மேஜ்’ இதே மரபின் அடக்கமான உறுப்பினர்: இடுகாட்டிலுள்ள ஒரு மந்திரத்துக்கு அந்த முறை மட்டும் ஃப்ளாஷ்பேக் தரும். பல ஆண்டுகள் பல கட்டுகளில் இருந்தும் எந்தக் கூச்சலையும் அது எழுப்பவில்லை.

சரிக்கும் மரபு

மூன்றாவது, 2005-இல் ‘ராவ்னிகா’ தொகுதியில் வந்த ‘டிரெட்ஜ்’. சீட்டு எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல், கட்டின் மேலிருந்து குறித்த எண்ணிக்கைச் சீட்டுகளை இடுகாட்டில் தள்ளிவிட்டு, டிரெட்ஜ் சீட்டைக் கைக்குத் திருப்பிக்கொள்ளலாம். ‘கோல்காரி கிரேவ்-ட்ரோல்’ ஆறு சீட்டைத் தள்ளும், ‘ஸ்டிங்க்வீட் இம்ப்’ ஐந்தைத் தள்ளும். கட்டியவர்கள் மெதுவான, மண் வாசனையுள்ள ஆட்டம் ஒன்றை நினைத்திருக்கலாம். ஆடியவர்கள் கண்டது வேறு: சீட்டு எடுக்கும் ஒவ்வொரு வாய்ப்பும் ஆறு மடங்காகப் பெருகுகிறது.

‘விண்டேஜ்’ வடிவத்தில் இது எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம். 1993-இன் ‘அரேபியன் நைட்ஸ்’ தொகுதியில் வந்த ‘பஜார் ஆஃப் பாக்தாத்’ ஒரு நிலம். மானா தராது, இரண்டு சீட்டு எடுத்து மூன்று கழிக்க வைக்கும். மற்ற ஆட்டக்காரருக்கு அது நட்டம். டிரெட்ஜ்காரர் முதல் முறையில் பஜாரைப் பயன்படுத்தி ட்ரோலையும் இம்பையும் கழிக்கிறார். இரண்டாம் முறை தொடங்கியதும் மறுபடி பஜார்: இரண்டு எடுப்புக்குப் பதில் ஆறும் ஐந்துமாகப் பதினொரு சீட்டு சரிகிறது. கைக்கு வந்த ட்ரோலும் இம்பும் மீண்டும் கழிகின்றன. அடுத்து இயல்பான சீட்டெடுப்பு. அதற்குப் பதில் இன்னொரு ஆறு. ஒரு மானாகூடச் செலவழிக்காமல் பதினேழு சீட்டு இடுகாட்டில்.

அங்கே விழுந்தவை சும்மா கிடப்பதில்லை. 2007-இன் ‘நார்கோமீபா’ கட்டிலிருந்து இடுகாட்டுக்கு விழுந்தால் தானே களத்துக்கு வந்துவிடும். ‘ட்ரெட் ரிட்டர்ன்’ என்ற எழுப்பும் மந்திரத்தின் ஃப்ளாஷ்பேக் விலை மானா அல்ல, மூன்று உயிரிகளின் பலி. ‘பிரிட்ஜ் ஃப்ரம் பிலோ’ இடுகாட்டில் கிடக்கும்போது, டோக்கன் (சீட்டில்லாமல் களத்தில் வைக்கும் அடையாள உயிரி) அல்லாத நம் உயிரி ஒன்று சாகும் ஒவ்வொரு முறையும் 2/2 ஸோம்பி டோக்கன் தரும். இரண்டு பிரிட்ஜ் கிடக்க மூன்று உயிரியைப் பலி கொடுத்தால் ஆறு ஸோம்பி. இந்த வழியின் எல்லைக்கே போனது ‘மானாலெஸ் டிரெட்ஜ்’. அதில் நிலமே கிடையாது. இரண்டாவதாக ஆடவே விரும்பி, எட்டாவது சீட்டை எடுத்து, எதையும் இறக்காமல் முறையை முடிப்பார்கள். கையில் ஏழுக்கு மேல் வைக்கக்கூடாது என்ற விதியே டிரெட்ஜ் சீட்டை இடுகாட்டில் போட்டுக் கொடுத்துவிடும்.

எண்கள் சொல்லும் பாடம்

கட்டைக் கட்டும்போது மூன்று பாகங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும்: நிரப்பும் சீட்டு, பலன் தரும் சீட்டு, இரண்டையும் இணைக்கும் சீட்டு. புதியவர்கள் பெரும்பாலும் பலன் தரும் சீட்டுகளிலேயே மயங்கி, எட்டுப் பத்துப் பெரிய உயிரிகளை அடுக்கிவிடுகிறார்கள். கையில் வந்த கிரிசல்பிராண்ட் அசையாத சுமை. தேடித் தரும் சீட்டு கட்டில் இருக்கும் வரை, பெரிய உயிரிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

60 சீட்டில் ஒரு வகை 4 இருந்தால், 7 சீட்டுத் தொடக்கக் கையில் ஒன்றாவது வர வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு. 8 இருந்தால் 65. 12 இருந்தால் 81. ரீஅனிமேட்டருக்கு இது போதாது, ஏனென்றால் இரண்டு வகையும் ஒன்றாக வர வேண்டும். நிரப்பும் சீட்டு 8, எழுப்பும் சீட்டு 8 என்றால், இரண்டிலும் குறைந்தது ஒன்று கையில் இருக்கும் வாய்ப்பு 41 விழுக்காடுதான். ஒன்றை 12 ஆக்கினால் 51. இரண்டையும் 12 ஆக்கினால் 64. ‘ஒரே வேலையை வேறு வேறு பெயரில் செய்யும் சீட்டுகளைச் சேர்’ என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. பிடித்த சீட்டு 4 என்று நிறுத்திக்கொண்டால் கட்டு ஓடாது.

இணைக்கும் சீட்டுகளில் 2012-இன் ‘ஃபெய்த்லெஸ் லூட்டிங்’ தனி இடம் பெற்றது. ஒரு சிவப்பு மானாவுக்கு இரண்டு எடுத்து இரண்டு கழிக்கலாம். பிறகு மூன்று மானாவுக்கு ஃப்ளாஷ்பேக். தேடுவது, கையில் சிக்கிய பெரிய உயிரியைக் கழிப்பது, தானே இடுகாட்டிலிருந்து மறுபடி வேலை செய்வது என மூன்று பாகத்தையும் ஒரே சீட்டு தொட்டது. சாதாரணக் கட்டுக்கு அது ஒரு சீட்டு நட்டம். இடுகாட்டுக் கட்டுக்கோ கழித்த இரண்டும் லாபம்.

பஜாரை நம்பும் கட்டுக்குக் கணக்கு வேறு. பஜார் நான்கே நான்கு. அது இல்லாத கை பயனற்றது. 2019 முதல் நடப்பிலுள்ள லண்டன் மலிகன் விதிப்படி, கையைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி ஏழு சீட்டு பார்த்து, திருப்பிய எண்ணிக்கைக்கு ஏற்ப அடியில் வைக்கலாம். நான்கு முறை ஏழு ஏழாகப் பார்த்தால் பஜார் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 87 விழுக்காடு. வேறு கட்டுகள் நான்கு சீட்டோடு ஆடி வெல்வது அரிது. டிரெட்ஜுக்கு அந்த நான்கே போதும், ஏனென்றால் அதன் உண்மையான கை இடுகாட்டில் இருக்கிறது.

எதிர்ச்சீட்டுகள்

போட்டியில் ஒரு சுற்று பெரும்பாலும் மூன்று ஆட்டம். இரண்டை வென்றவர் வெற்றி. முதல் ஆட்டத்துக்குப் பிறகு 15 சீட்டுள்ள சைடுபோர்டிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். இடுகாட்டுக் கட்டின் சோதனைக்காலம் அங்கேதான் தொடங்குகிறது.

எதிர்ச்சீட்டுகளை ஒரே பையில் போடுவது தவறு. நான்கு வகை உண்டு. முதல் வகை ஒரே தரம் துடைப்பது: 1994-இன் ‘டோர்மோட்ஸ் க்ரிப்ட்’ விலையே இல்லாமல் வந்து ஒருவரின் இடுகாடு முழுவதையும் நீக்கும். இரண்டாம் வகை கதவையே அடைப்பது: 2012-இன் ‘ரெஸ்ட் இன் பீஸ்’ இருக்கும் வரை எந்தச் சீட்டும் இடுகாட்டை எட்டாது, 2006-இன் ‘லேலைன் ஆஃப் தி வாய்ட்’ தொடக்கக் கையில் இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்னரே களத்தில் நிற்கும். மூன்றாம் வகை வெளியே வருவதைத் தடுப்பது: ‘கிராஃப்டிகர்ஸ் கேஜ்’ இருந்தால் இடுகாட்டிலிருந்து உயிரி களத்துக்கு வர முடியாது, மந்திரமும் போட முடியாது. நான்காம் வகை ஒன்றைக் குறிவைப்பது: ‘சர்ஜிக்கல் எக்ஸ்ட்ராக்‌ஷன்’ இடுகாட்டிலுள்ள ஒரு சீட்டையும், கையிலும் கட்டிலும் உள்ள அதன் பிரதிகளையும் நீக்கும்.

ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு மரபை வேறு விதமாகத் தாக்குகிறது. ஒற்றை உயிரியை நம்பும் ரீஅனிமேட்டரை சர்ஜிக்கல் முடித்துவிடும். இருபது சீட்டைச் சரித்துவிட்ட டிரெட்ஜ் அதைப் பொருட்படுத்தாது. கேஜ் வந்தால் நார்கோமீபாவும் ட்ரெட் ரிட்டர்னும் முடங்கும். டெல்வ் கட்டு கவலையின்றி ஓடும். லேலைன் எல்லா மரபையும் அடைக்கும், ஆனால் தொடக்கக் கையில் அது வரும் வாய்ப்பும் அதே 40 விழுக்காடுதான். பின்னால் வந்தால் நான்கு மானா கேட்கும். டார்மோகாய்ஃப் கட்டோ இவற்றில் எது வந்தாலும் மிஞ்சிப்போனால் மெலியும், சாகாது.

இடுகாட்டுக் கட்டு ஆடுபவர் தன் சைடுபோர்டைக் கட்டும் முறையும் இங்கே தீர்மானமாகிறது. எதிர்ச்சீட்டை உடைக்கும் சீட்டுகளை மட்டும் நிரப்புவது ஒரு வழி. ஆனால் எதிராளி எந்த வகையைக் கொண்டுவருவார் என்று முன்கூட்டித் தெரியாது. அது வராத ஆட்டத்தில் அந்தச் சீட்டுகள் கையில் கனக்கும். இடுகாட்டைத் தொடாத இரண்டாவது வழியை வைத்திருப்பது இன்னொரு முறை. ரீஅனிமேட்டர்காரர்கள் ‘ஷோ அண்ட் டெல்’ வைத்தது இதற்குத்தான்: கையில் சிக்கிய கிரிசல்பிராண்ட் அதைக் கொண்டு நேராகக் களத்துக்கு வரும், எதிராளியின் லேலைன் வேடிக்கை பார்க்கும். சுமையாக இருந்த சீட்டையே ஆயுதமாக்கும் இந்த முறை, வெறும் உடைப்புச் சீட்டைவிட மேல்.

தடைகளின் வரலாறு

இனி ஆட்டத்தை நடத்துபவர்களின் பக்கம். மாடர்ன் வடிவம் 2011-இல் தொடங்கியபோதே ட்ரெட் ரிட்டர்னும் கோல்காரி கிரேவ்-ட்ரோலும் தடைப்பட்டியலில் இருந்தன. 2015 ஜனவரியில் ட்ரோலை விடுவித்தார்கள். 2016-இல் ‘பிரைஸ்ட் அமால்கம்’, ‘கதார்டிக் ரீயூனியன்’ போன்ற புதிய துணைகள் வந்ததும் டிரெட்ஜ் மறுபடி எழுந்தது; 2017 ஜனவரியில் ட்ரோல் மீண்டும் உள்ளே போனது. சீட்டு மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த சூழல்தான் மாறியது.

2019 இன்னும் தெளிவான பாடம். ஜூனில் வந்த ‘மாடர்ன் ஹரைசன்ஸ்’ தொகுதியில் ‘ஹோகாக், அரைசன் நெக்ரோபோலிஸ்’ என்ற 8/8 உயிரி இருந்தது. அதை இறக்க மானா கொடுக்கவே கூடாது. களத்து உயிரிகளைச் சாய்த்தும் இடுகாட்டுச் சீட்டுகளை நீக்கியும்தான் இறக்கலாம். இடுகாட்டிலிருந்தே இறக்கலாம் என்பதால் கொன்றாலும் திரும்பி வந்தது. ஜூலையில் பிரிட்ஜ் ஃப்ரம் பிலோவைத் தடை செய்தார்கள். ஹோகாக் அசையவில்லை. ஆகஸ்டில் ஹோகாக்கையும் ஃபெய்த்லெஸ் லூட்டிங்கையும் சேர்த்துத் தடை செய்த பிறகே மேசை அமைதியானது. லூட்டிங் 2024 டிசம்பரில்தான் விடுதலை பெற்றது.

லெகசியிலும் இதே ஓட்டம். சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டெஸ்ட், ‘வெஞ்வைன்’ என்ற உயிரியின் துணையோடு ஆதிக்கம் செலுத்தி 2010 டிசம்பரில் தடையானது. 2024 ஆகஸ்டில் ‘கிரீஃப்’, 2025 மார்ச்சில் ‘ட்ரோல் ஆஃப் கஸாத்-டூம்’ என ரீஅனிமேட்டருக்கு உதவிய சீட்டுகள் அடுத்தடுத்து வெட்டப்பட்டன. கடைசிச் சீட்டு சிந்திக்க வைப்பது: ஒரு மானா கொடுத்துக் கழித்தால் அது ஒரு சதுப்பு நிலத்தைத் தேடித் தரும், கழித்த பிறகு அதுவே எழுப்பத் தகுந்த 6/5 உயிரி. நிரப்பலும் பலனும் ஒரே சீட்டில்.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு வகைச் சீட்டே திரும்பத் திரும்பச் சிக்குகிறது: மலிவாக நிரப்புபவை, மானாவே கேட்காமல் பலன் தருபவை. ரீஅனிமேட், அனிமேட் டெட் போன்ற எழுப்பும் மந்திரங்கள் பழைய வடிவங்களில் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அவை குறைந்தபட்சம் ஒரு மானாவும் ஒரு கைச்சீட்டும் கேட்கின்றன. அவற்றைத் தடுக்க எதிராளிக்கு ஒரு கணமாவது கிடைக்கிறது. சீட்டெடுக்கும் இடத்தில் தானாக நடக்கும் டிரெட்ஜ் அந்தக் கணத்தைத் தருவதில்லை.

பிற மேசைகள்

போட்டி மேசைக்கு வெளியே இடுகாடு சாதுவாகவே நடந்துகொள்கிறது. 2011-இன் ‘இன்னிஸ்ட்ராட்’ தொகுதியைப் பொட்டலம் பிரித்துத் தேர்ந்தெடுத்து ஆடும் டிராஃப்ட் முறையில், ‘ஸ்பைடர் ஸ்பானிங்’ என்ற சீட்டைச் சுற்றிய கட்டுகள் இன்றும் பேசப்படுகின்றன. இடுகாட்டு உயிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலந்தி. ஃப்ளாஷ்பேக்கில் இன்னொரு படை. மற்றவர் ஒதுக்கிய மலிவுச் சீட்டுகளே அதற்கு உரம். 100 சீட்டும், ஒரு பெயருக்கு ஒரே பிரதியும், 40 உயிரும் உள்ள ‘கமாண்டர்’ வடிவத்தில் ‘மெரன் ஆஃப் க்ளான் நெல் டோத்’, ‘முல்ட்ரோத்தா, தி கிரேவ்டைட்’ ஆகிய தலைவர்களின் கீழ் இடுகாடு நீண்ட ஆட்டத்தின் சேமிப்பாக மாறுகிறது. புதியவர் கற்க இதுவே ஏற்ற இடம்: ஒருவர் ‘போஜுகா பாக்’ நிலத்தைப் போட்டு இடுகாட்டைத் துடைத்தாலும் மறுபடி நிரப்ப நேரம் இருக்கும்.

மற்ற ஆட்டங்களும் இதே வழியை அடைந்திருக்கின்றன. யூ-கி-ஓவில் ‘ஃபூலிஷ் பரியல்’ ஓர் உயிரியைக் கட்டிலிருந்து இடுகாட்டில் போடும், ‘மான்ஸ்டர் ரீபார்ன்’ எழுப்பும். என்டூம்-ரீஅனிமேட் இணையின் சகோதரர்கள். போகிமான் சீட்டாட்டத்தில் 2014-இன் ‘நைட் மார்ச்’ தாக்குதல், கழிவுக் குவியலில் கிடக்கும் அதே தாக்குதலுடைய ஒவ்வொரு போகிமானுக்கும் 20 சேதம் தந்தது. அதே தொகுதியில் வந்த ‘பேட்டில் கம்ப்ரஸர்’ ஒரே தரத்தில் மூன்று சீட்டைக் கழிக்கவும் வைத்தது. கழிவை எண்ணும் சீட்டும் கழிவைக் குவிக்கும் சீட்டும் ஒன்றாக வந்தால் என்ன நடக்கும் என்பது ஆட்டத்தைப் பொறுத்து மாறுவதில்லை.

முடிவாக

மூன்று மரபையும் எடைபோட்டால் தீர்ப்பு இப்படி அமைகிறது. வேகத்தில் ரீஅனிமேட்டரை எதுவும் நெருங்காது. ஆனால் ஒற்றை உயிரியில் உயிரை வைத்திருக்கிறது. முதல் ஆட்டத்தை வெல்வதில் டிரெட்ஜுக்கு நிகரில்லை. இரண்டாம் ஆட்டத்தில் எதிராளியின் சைடுபோர்டு அனுமதிக்கும் அளவுக்கே அது வெல்லும். எரிபொருள் மரபு இரண்டைவிடவும் மெதுவானது, ஆனால் இடுகாடு மூடப்பட்டாலும் மூச்சு விடக்கூடியது அது ஒன்றுதான். ட்ரெஷர் க்ரூஸ் போன்ற கணக்குத் தவறிய சீட்டுகளை விட்டுவிட்டால், தடைகளுக்குத் தப்பி நீண்டகாலம் ஆடப்பட்டதும் அதுதான்.

ஆகவே புதிதாகக் கட்டுபவருக்குச் சொல்ல வேண்டியவை சில. பெரிய உயிரிகளை முதலில் எடுத்து வைக்காதீர்கள். நிரப்பும் சீட்டுகளையும் இணைக்கும் சீட்டுகளையும் எண்ணி வைத்த பிறகு மிஞ்சும் இடத்தில் அவற்றைச் சேருங்கள். ஒரே சீட்டு இரண்டு பாகத்தின் வேலையைச் செய்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். ஆனால் அப்படிப்பட்ட சீட்டுகள்தான் முதலில் தடைக்குள்ளாகும் என்பதால், காசு போடும் முன் யோசியுங்கள். கட்டி முடித்ததும், எதிராளிக்கு முதல் முறையிலேயே லேலைன் இருப்பதாக வைத்துக்கொண்டு பத்து ஆட்டம் ஆடிப் பாருங்கள். அதில் இரண்டு மூன்றாவது வென்றால் கட்டு போட்டிக்குத் தயார். ஒன்றுகூட வெல்லாவிட்டால், சைடுபோர்டை முதலில் திருத்துங்கள். பெரிய உயிரிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.